ஜாக் டேனியல்ஸ் டிஸ்டில்லரி டூர்: அந்தக் குகைத் தண்ணிய பாக்கத்தான் போனேன்

போன மாசம் என் மச்சினன் ஊர்லருந்து வந்திருந்தான், வந்த மூணாவது நாளே "மாமா, ஜாக் டேனியல்ஸ் காய்ச்சுற எடம் இங்கருந்து கிட்டத்தானே"ன்னு ஆரம்பிச்சுட்டான். ஆமா, நாங்க இருக்குற அமெரிக்கா, அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில்லருந்து டென்னசி பார்டர தாண்டி லிஞ்ச்பர்க் போக ஒரு மணி நேரம் தான், ஆறு வருஷமா பக்கத்துலயே இருந்தும் நான் போனதில்ல. அவன் விஸ்கிய பாக்க கிளம்புனான், நான் தண்ணிய பாக்க கிளம்புனேன். எனக்கு பொழப்பே தண்ணி தான், ஒரு ஃபேக்டரில பாய்லருக்குப் போற தண்ணிய சாஃப்ட்னர், கார்பன் ஃபில்டர், ஆர்.ஓ.ன்னு தாண்டி சுத்தம் பண்ணி அனுப்புற செக்‌ஷன்ல பதினாலு வருஷம் ஆச்சு, அதனால "எங்க விஸ்கிக்கு ரகசியமே குகைல வர்ற ஊத்துத் தண்ணி தான்"னு அவங்க சொல்றத ஒரு தடவ நேர்ல போயி நின்னு பாத்துடணும்னு ரொம்ப நாள் ஆச.

முதல்லயே சொல்லிடுறேன், டூர் அருமை, தாராளமா போங்க. தண்ணி தான் ரகசியம்னு அவங்க சொல்றதும் உண்மை. ஆனா நம்மாளுங்க அத கேட்டுட்டு, ஆஹா அந்த ஊத்துத் தண்ணியோட ருசி தான் பாட்டில்ல வருது போலன்னு நெனச்சுக்குறோம் பாருங்க, அது தான் தப்பு. அந்தத் தண்ணியோட ருசி உங்க கிளாஸுக்கு வர்றதே இல்ல. தண்ணி செய்யுற வேல வேற, அத பத்தி தான் இந்த ரிவ்யூல அதிகம் எழுதப் போறேன், டிக்கெட் பார்க்கிங் மட்டும் தெரிஞ்சா போதும்ங்கறவங்க நேரா கடைசிக்குப் போயிடுங்க.

ஊரு ரொம்ப சின்னது, நடுவுல ஒரு பழைய செங்கல் கோர்ட் கட்டடம், அத சுத்தி கடைங்க, அவ்ளோ தான். இந்த மூர் கவுன்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி) "டிரை கவுன்ட்டி", அதாவது இந்த கவுன்ட்டிக்குள்ள மது விக்கறதுக்கு ரொம்ப காலமா தடை, உலகம் பூரா போற விஸ்கிய காய்ச்சுற எடத்துலயே. ஆனா டிஸ்டில்லரிக்குள்ள டேஸ்டிங்குக்கும், அவங்க கடைல பாட்டில் வாங்கிக்கறதுக்கும் அனுமதி இருக்கு. லேபிள்ல 1866ன்னு போட்டிருக்கும், அத பத்தி வரலாற்று ஆளுங்களுக்குள்ள சண்ட இருக்கு, அது நமக்கு வேணாம்.

டூர் சுமார் ஒன்றரை மணி நேரம், நல்லா நடக்க வைக்கறாங்க. முதல்ல கூட்டிட்டுப் போறது கரி சுடுற எடம். சுகர் மேப்பிள் மரத்த சட்டம் சட்டமா அடுக்கி, அதுமேல அவங்க விஸ்கியவே தெளிச்சு கொளுத்துறாங்க. பக்கத்துலயே தண்ணி ஹோஸோட ஆளு நிக்கிறார், சாம்பலாகாம கரியா நிக்கிற பதத்துல அணைக்கணும். நாங்க போன அன்னைக்கு எரியுற நாள் இல்ல, ஆனாலும் அந்த எடம் முழுக்க ஒரு இனிப்புப் புகை வாசம் ஒட்டிக்கிட்டு நிக்குது. கரியோட வேலைக்கு அப்புறம் வர்றேன்.

அங்கருந்து கொஞ்சம் நடந்தா குகை. ஒரு சுண்ணாம்புப் பாறைச் சரிவு, அதோட அடில இருட்டா வாய தொறந்துக்கிட்டு ஒரு குகை, அதுக்குள்ளருந்து சலசலன்னு ஒரு சின்ன வாய்க்கா அளவுக்கு தண்ணி வெளில வருது. முன்னாடி, கம்பெனிய ஆரம்பிச்ச ஜாக் டேனியலோட சிலை. எல்லாரும் சிலை கூட போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க, நான் குகை வாசல் பக்கம் போய் நின்னுட்டேன். வெளில செம வெயில், குகைலருந்து வர்ற காத்து மட்டும் ஏசி மாதிரி மூஞ்சில அடிக்குது. எங்க கைடு, அறுபது வயசு இருக்கும், நல்ல மனுஷன், சொன்ன ரெண்டு விஷயம் தான் இந்த டூர்லயே எனக்கு முக்கியம்: ஒண்ணு, இந்தத் தண்ணி வருஷம் பூரா 56 டிகிரி ஃபாரன்ஹீட், நம்ம கணக்குல 13 டிகிரி செல்சியஸ் கிட்ட, கோடையானாலும் பனியானாலும் மாறாது. ரெண்டு, இதுல இரும்பு இல்ல.

இரும்பு இல்லன்னு அவர் சொன்னதும் மத்தவங்க தலையாட்டிட்டு நகந்துட்டாங்க. எனக்கு மட்டும் எங்க வீட்டுக் கிணத்தடி ஞாபகம் வந்துருச்சு.

எங்க ஊரு டெல்டா பக்கம், வீட்டு போர் தண்ணில இரும்பு ஜாஸ்தி. அடிச்சதும் பாத்தா கண்ணாடி மாதிரி இருக்கும், அம்மா அத ராத்திரி புடிச்சு வச்சுடும், காலைல பாத்தா மேல மெல்லிசா ஏடு கட்டி, அடில செம்மண் கரைச்சு விட்ட மாதிரி படிஞ்சிருக்கும், மேலாப்புல இருக்குறத மட்டும் அசையாம மொண்டு எடுத்து தான் சமையல். வெள்ள வேட்டி எல்லாம் பழுப்பு. அந்தத் தண்ணில டீ போட்டா டீ வராது, கருப்பா ஒரு கஷாயம் வரும், மேல எண்ண மாதிரி மினுக்கும். சின்ன வயசுல அது ஏன்னு தெரியாது. அப்புறம் படிச்சப்ப தான் தெரிஞ்சுது, டீல இருக்குற துவர்ப்புப் பொருள் டானின், அதுவும் இரும்பும் சேர்ந்தா கருப்பாகும். நம்ம தாத்தா காலத்துல கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சுவாங்களே, அதே விஷயம் தான், கடுக்காய்ல டானின், அன்னபேதில இரும்பு.

இப்ப விஸ்கிக்கு வாங்க. விஸ்கி எதுல கெடக்கு? உள்பக்கம் நெருப்புல கருக்குன புது ஓக் பீப்பாய்ல, வருஷக்கணக்கா. ஓக் மரத்துல இருக்குறது அதே டானின். விஸ்கில சேர்க்குற தண்ணில இரும்பு இருந்துச்சுன்னா பீப்பாய்க்குள்ள மை காய்ச்சுன மாதிரி தான், நிறம் கருத்து, வாய்ல ஒரு துருக் காசு ருசி வந்துடும். ஆணியோ ஸ்டீல் துண்டோ தவறி விழுந்தா கூட பீப்பாய்ல இருக்குறது கருத்துப் போகும்னு பீப்பாய் வேலை செய்யுறவங்க சொல்வாங்க. அதனால தான் கென்டக்கி, டென்னசி ரெண்டு ஊர்லயும் அந்தக் காலத்துல காய்ச்சுனவங்க சுண்ணாம்புப் பாறை ஊத்து எங்க இருக்குன்னு தேடி அங்க போய் உக்காந்தாங்க. கெமிஸ்ட்ரி யாரும் சொல்லித் தரல, எந்த ஊத்துத் தண்ணில செஞ்சா கருக்கலன்னு பாத்துப் பாத்து கண்டுபுடிச்சது.

சுண்ணாம்புப் பாறை எப்படி இரும்ப எடுக்குதுன்னா, எங்க அம்மா பக்கெட்ல ராத்திரி நடக்குறது தான் அந்தப் பாறைக்குள்ளயும் நடக்குது. கரைஞ்ச நெலமைல இருக்குற இரும்பு, காத்து பட்டு, தண்ணி கொஞ்சம் கார குணமா, அதாவது புளிப்புக்கு எதிர் குணமா இருந்துச்சுன்னா துருவா மாறி தங்கிடும். சுண்ணாம்புப் பாறை தண்ணிய கார குணத்துக்கு கொண்டு போகும், பாறை வெடிப்பு, குகை, பொந்துன்னு ஓடி வர்றதால காத்தும் படும், துரு அங்கயே பாறையில நின்னுடும், தண்ணி மட்டும் வெளில வரும். எங்க ஃபேக்டரில இதையே காத்து ஊதி, மணல் ஃபில்டர் போட்டு, மாசா மாசம் பேக்வாஷ் பண்ணி செய்யுறோம். அந்த மலை சும்மா நின்னுக்கிட்டே செய்யுது. நான் அங்க நின்னு பாத்துட்டே இருந்ததுல குரூப் போயிடுச்சு, மச்சினன் திரும்பி வந்து "மாமா வாங்க"ன்னு கையப் புடிச்சு கூட்டிட்டுப் போனான்.

சரி, இரும்பு போச்சு, ஆனா சுண்ணாம்பு வந்துருச்சே. அது ஹார்டு வாட்டர். கெட்டில்ல காய வச்சா வெள்ளையா படியுமே, அந்த ரகம். பாய்லருக்கு அது எமன், எனக்குப் பழக்க தோஷத்துல உடனே சாஃப்ட்னர் எங்கன்னு தான் கேக்கத் தோணும். ஆனா ஊறலுக்கு அது வேணும். இங்க ஊறல் போடுறது மக்காச்சோளம் 80%, முளை கட்டுன பார்லி 12%, ரை தானியம் 8%. சோளத்த வேக வச்சு, சூடு கொஞ்சம் எறங்குனதும் பார்லி சேருது, அந்தப் பார்லி முளையில இருக்குற என்சைம் தான் மாவுச்சத்த சர்க்கரையா ஒடைக்குது. அந்த என்சைம் சூட்டுல சீக்கிரம் செத்துடாம தாக்குப் புடிக்க கால்சியம் வேணும். அப்புறம் ஈஸ்ட், அதுக்கு மெக்னீசியம் வேணும், துளியூண்டு துத்தநாகம் வேணும். ஆர்.ஓ. போட்டு எல்லாத்தையும் வழிச்செடுத்த தண்ணில ஊறல் போட்டா ஈஸ்ட்டுக்கு தானியத்துல கெடைக்குறது மட்டும் தான் சாப்பாடு. ஈஸ்ட் சந்தோஷமா இருக்கா சோர்ந்து கெடக்கான்றத பொறுத்து தான் பழ வாசம், பூ வாசம், இல்ல கந்தக வாடைன்னு எல்லாம் மாறும். தண்ணி விஸ்கிய தொடுற முதல் எடம் இது தான். தண்ணி ஈஸ்ட்டுக்கு சோறு போடுது, ருசிய செய்யுறது ஈஸ்ட்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. சுண்ணாம்புத் தண்ணி கார குணம், ஆனா என்சைமுக்கும் ஈஸ்ட்டுக்கும் லேசான புளிப்பு தான் புடிக்கும். இந்த லேபிள்ல "சோர் மேஷ்"னு போட்டிருக்கே, புளிச்ச ஊறல், அது இதுக்குத் தான். முந்துன தடவ வடிச்சு முடிச்சு அடில மிஞ்சுன புளிச்ச தண்ணில ஒரு பங்க எடுத்து அடுத்த ஊறல்ல சேர்க்குறாங்க. கேட்டதும் மச்சினன் "நம்ம வீட்ல பழைய தோச மாவு கொஞ்சம் எடுத்து வச்சு புதுசுல கலக்குறது மாதிரியா"ன்னான். பாதி சரி. மாவுல உயிரோட இருக்குற கிருமி போய் புதுச புளிக்க வைக்குது. இங்க மிஞ்சுறது கொதிச்சு வெளில வந்தது, உயிர் எதுவும் இருக்காது, வெறும் புளிப்பு தான் போகுது. அந்தப் புளிப்பு சுண்ணாம்போட காரத்த சரி பண்ணுது, வேண்டாத கிருமிங்கள கிட்ட விடாம வைக்குது. அதாவது ஒரு தண்ணியோட குறைய அதே எடத்துல கெடைக்குற இன்னொரு தண்ணிய வச்சே சரி பண்ணிட்டாங்க. நான் படிச்ச தண்ணி சுத்திகரிப்புல இவ்ளோ அழகா ஒண்ணு பாத்ததில்ல. மிச்சம் மீதி சக்கைத் தண்ணி ரொம்ப காலம் பக்கத்து மாட்டுப் பண்ணைங்களுக்குப் போயிட்டு இருந்துச்சு.

ஊறல் தொட்டி இருக்குற கட்டடத்துல போன் எல்லாம் உள்ள வைக்க சொல்லிடுவாங்க. மூடிய லேசா தூக்கி வாசம் பாக்க விட்டாங்க, கார்பன் டை ஆக்சைடு மூக்குல சுருக்குன்னு ஏறும், பாத்து.

அடுத்து வடிக்கிற எடம், செம்புல உசரமான காலம் ஸ்டில், அதாவது தூண் மாதிரி நிக்கிற வடிகலன். இங்க தான் நான் சொன்ன விஷயம் வருது. சுண்ணாம்பு, மெக்னீசியம், உப்பு, எதுவும் ஆவியாகாது. ஆவியாகி மேல போறது ஆல்கஹாலும், வாசன தர்ற சில பொருளும், கொஞ்சம் வெறும் தண்ணியும் தான். அதனால ஊத்துத் தண்ணில இருந்த கனிமம் அத்தனையும் அடிலயே நின்னுடும், மேல வர்ற 70% ஆல்கஹால் சரக்குல சுண்ணாம்போட ருசி தேடுனா கெடைக்காது. ஸ்காட்லாந்து விஷயத்துலயும் இதே தப்ப நெறைய பேர் சொல்லக் கேட்டிருக்கேன், ஐலா தீவு விஸ்கில வர்ற புகை வாசம் அங்க ஓடுற பழுப்புத் தண்ணிலருந்து வருதுன்னு. தண்ணி பழுப்பு தான், பீட்டுங்கற, செடி கொடி மக்கிப் போன மண்ணுக்குள்ள ஓடி வர்றது தான், ஆனா அந்தப் புகை வர்றது முளை கட்டுன பார்லிய பீட் எரிச்சு அந்த நெருப்புல காய வைக்கறதால. அதே தீவுல அதே மாதிரி பழுப்புத் தண்ணிய வச்சே புகையே இல்லாத விஸ்கியும் செய்யுறாங்க. இன்னும் ஒண்ணு, ஸ்காட்லாந்துல நெறைய எடத்துல கிரானைட் மேல ஓடுற சாஃப்ட் வாட்டர் தான் பெஸ்ட்டுன்னு சொல்வாங்க, ஆனா அங்கயே டெயின் ஊர்ல இருக்குற கிளென்மோரஞ்சி டிஸ்டில்லரி டார்லோகி ஊத்தோட ஹார்டு வாட்டர்ல தான் செய்யுது, அதோட விஸ்கி மென்மைக்கு பேர் போனது. சாஃப்ட்டோ ஹார்டோ, எந்தத் தண்ணியோ அதுக்கு ஏத்த மாதிரி ஊறல் போடத் தெரிஞ்சுக்கிட்டாங்க, அது தான் விஷயம்.

56 டிகிரி விஷயத்தயும் சொல்லிடுறேன், ஏன்னா டூர்ல அத சும்மா ஒரு தகவலா சொல்லிட்டு போயிடுறாங்க. வெந்த ஊறல ஈஸ்ட் போடுற சூட்டுக்கு எறக்கணும், ஸ்டில்லருந்து வர்ற ஆவிய குளிர வச்சு திரவமாக்கணும், ரெண்டுக்கும் குளிர்ந்த தண்ணி ஏராளமா வேணும். ஒரு டிஸ்டில்லரி இழுக்குற தண்ணில குடிக்கிற பாட்டிலுக்குள்ள போறது கொஞ்சம், குளிர வைக்க ஓடுறது தான் மலையளவு. டென்னசி கோடைல 35 டிகிரி செல்சியஸ் அடிக்கும்போது ஆத்துத் தண்ணி வெதுவெதுன்னு ஆயிடும், ஏசி மெஷின் இல்லாத காலத்துல கோடைல காய்ச்சுறதயே பல பேர் நிறுத்திடுவாங்க. பூமிக்குள்ளருந்து வருஷம் பூரா 13 டிகிரில தண்ணி கெடைச்சா அது பெரிய சொத்து. இத ஒரு போர்டுல எழுதி வச்சா நல்லா இருக்கும், குகை முன்னாடி போட்டோ எடுக்குற கூட்டம் அதயும் படிச்சுட்டுப் போகும்.

இனி கரி. வடிச்சு வந்த சரக்க பீப்பாய்ல ஊத்துறதுக்கு முன்னாடி, பத்து அடி ஒசரத்துக்கு கரி நிரப்புன தொட்டி வழியா சொட்டுச் சொட்டா எறக்குறாங்க, அடில வந்து சேர சில நாள் ஆகும். சோளத்தோட எண்ணப் பிசுக்கும் முரட்டு வாடையும் கரில நின்னுடும். ஜாக் டேனியலுக்கு காய்ச்சக் கத்துக்குடுத்தவர் நியரஸ்ட் கிரீன்னு ஒரு கறுப்பினத்தவர், அடிமையா இருந்தவர், பின்னாடி ஜாக் டேனியல் சொந்தமா ஆரம்பிச்சப்ப அங்க முதல் மாஸ்டர் டிஸ்டில்லரும், அதாவது காய்ச்சுற வேலைக்குத் தலைவரும் அவர் தான். ரொம்ப காலம் இத வெளில சொல்லாம இருந்து 2016ல தான் கம்பெனி வெளிப்படையா பேச ஆரம்பிச்சுது. எங்க கைடு அவர் பேர சொல்லி, அவர் வாரிசுங்க இன்னைக்கும் அங்க வேலை பாக்குறத சொல்லி, நின்னு நிதானமா பேசுனார், எனக்கு அது புடிச்சிருந்தது. காய்ச்சுற அறிவ ஜாக் டேனியல் கிட்ட கொண்டு வந்து சேர்த்தது அந்தக் கை தான்.

கரித்தொட்டி அறைல ஒரு தொட்டி மூடிய தொறந்து வாசம் காட்டுனாங்க. எங்க பிளான்ட்ல கார்பன் ஃபில்டர்ல குளோரின புடிக்குறதுக்கு செய்யுற அதே வேல, ஆனா இங்க தண்ணிக்கு பதிலா சரக்கே கரி வழியா போகுது. டேஸ்டிங்ல ஜென்டில்மேன் ஜாக்னு ஒண்ணு குடுப்பாங்க, அது பீப்பாய்லருந்து வந்தப்புறம் மறுபடி ஒரு தடவ கரில எறக்குனது, பக்கத்துல ஜாக் டேனியல்ஸோட வழக்கமான பிளாக் லேபிள வச்சு மாத்தி மாத்தி குடிச்சா கரி என்ன செய்யுதுன்னு நாக்குலயே தெரியும். டூர்ல மிஸ் பண்ணவே கூடாதது இது.

இப்ப தண்ணி விஸ்கிய தொடுற ரெண்டாவது எடத்துக்கு வர்றேன், இத பத்தி டூர்ல ரொம்ப கம்மியா தான் பேசுனாங்க, எனக்கு இது தான் இன்னும் முக்கியமா படுது. ஸ்டில்லருந்து 70%ல வர்றது தண்ணி கலந்து 62.5%ல பீப்பாய்க்குப் போகுது, அமெரிக்கால பர்பன்ங்கற சோள விஸ்கியோட பீப்பாய்க்கு சட்டப்படி மேல் எல்லையே அது தான். வெளில எடுத்து பாட்டில் பண்றப்ப 40%. பீப்பாய்க்குள்ள போன அதே ஸ்ட்ரெங்த்ல வெளில வருதுன்னு வச்சுக்கிட்டு கணக்குப் போட்டுப் பாருங்க, 750 மில்லி பாட்டில்ல சுமார் 480 மில்லி தான் பீப்பாய் சரக்கு, மீதி 270 மில்லி கடைசில சேர்த்த தண்ணி. மூணுல ஒரு பங்குக்கு மேல! இந்தத் தண்ணி ஆவியாகி வந்தது இல்ல, நேரா ஊத்துனது, அதுல என்ன இருக்கோ அது அப்படியே உங்க வாய்க்கு வரும். 1987 வரைக்கும் பிளாக் லேபிள் 45%ல வந்துச்சு, அப்புறம் 43%, அப்புறம் 40%. பழைய ஆளுங்க முன்ன மாதிரி இல்லம்பாங்களே, அதுக்கு இது ஒரு காரணம்.

இந்தக் கடைசித் தண்ணிக்கு ஹார்டு வாட்டர் ஆகாது. தண்ணில கரையுற சுண்ணாம்பு உப்பு ஆல்கஹால்ல அவ்ளோவா கரையாது, அதனால ஹார்டு வாட்டர் கலந்தா நாள் போகப் போக பாட்டில் கலங்கும், அடில பொடி படியும், மரத்துலருந்து வர்ற ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தோட சேர்ந்து குட்டி குட்டி படிகமா உக்காரும். அதனால தொழில்ல பொதுவா இதுக்கு கனிமம் எடுத்த தண்ணி, அதாவது ஆர்.ஓ. இல்ல டீமினரலைஸ் பண்ணது தான் உபயோகிக்குறாங்க. ஊறலுக்கு உசுரு தந்த அதே சுண்ணாம்பு பாட்டில்ல வேண்டாத ஆளு. ஊத்துத் தண்ணியவே கடைசிலயும் சேர்க்குறோம்னு பெருமையா சொல்ற டிஸ்டில்லரிங்களும் ஸ்காட்லாந்துல இருக்கு, ஐலால புரூக்லாடி அப்படி, ஆக்டமோர் பண்ணை ஊத்துத் தண்ணி. அது ஒரு வழி. நான் தண்ணிக்காரன், என்கிட்ட கேட்டா கடைசில போறது சுத்தமான வெறும் தண்ணியா இருக்குறது தான் நியாயம், அஞ்சாறு வருஷம் மரத்துல கெடந்தது பேசட்டும், தண்ணி வழிவிட்டு நிக்கட்டும்.

டேஸ்டிங் ரூம்ல அஞ்சு சின்ன கிளாஸ். வரிசைல கடைசில வந்த சிங்கிள் பேரல் (ஒரே பீப்பாய்லருந்து எடுத்தது), 47%, எனக்கு ரொம்ப புடிச்சது, வாழப்பழம், வெல்லப்பாகு, கொஞ்சம் பட்டை, அப்புறம் நாக்குல நிக்கிற மரத் துவர்ப்பு. தனியா தண்ணி வச்சிருந்தாங்க, ரெண்டு சொட்டு விட்டுக் குடிச்சா வாசம் விரியுறது தெரிஞ்சுது. இதுக்கு 2017ல ஸ்வீடன்ல லினேயஸ் பல்கலைக்கழகத்துக்காரங்க கம்ப்யூட்டர்ல பாத்து சொன்னாங்க, விஸ்கி வாசத்துக்கு முக்கியமான குவாயகால்ங்கற பொருள் ஸ்ட்ரெங்த் ஜாஸ்தியா இருந்தா உள்ள ஆல்கஹால்ல மறைஞ்சு நிக்குது, தண்ணி சேர்க்க சேர்க்க மேல்பரப்புக்கு வருதுன்னு. மேல வந்தா மூக்குக்குக் கிட்ட தானே.

வீட்டுக்கு வந்து மறுநாள் நானும் மச்சினனும் ஒரு காரியம் பண்ணோம். ஒரே சிங்கிள் பேரல், நாலு கிளாஸ், அதே அளவு தண்ணி, தண்ணி மட்டும் வேற வேற: குழாய்த் தண்ணி, அதையே கார்பன் ஃபில்டர் ஜக்ல ஊத்தி எடுத்தது, கடைல வாங்குன டிஸ்டில்டு வாட்டர், அப்புறம் லேபிள்ல கால்சியம் லிட்டருக்கு 80 மில்லிகிராம்னு போட்ட ஒரு மினரல் வாட்டர். எது எதுன்னு தெரியாம என் வீட்டம்மா மாத்தி மாத்தி வச்சாங்க. குழாய்த் தண்ணிய ரெண்டு பேரும் முதல் தடவையே கண்டுபுடிச்சோம், குளோரின் விஸ்கில இருக்குற ஃபீனால் வகைப் பொருளோட சேர்ந்தா ஆஸ்பத்திரி வாடை வரும், கம்மியா இருந்தாலே போதும் மூக்கு புடிச்சுடும். கார்பன் ஜக்கும் டிஸ்டில்டும் கிட்டத்தட்ட ஒண்ணு, என்னால பிரிக்க முடியல. மினரல் வாட்டர் போட்டது வாய்ல கொஞ்சம் கனமா, இனிப்பு மட்டுப்பட்டு, கடைசில சுண்ணாம்பு மாதிரி ஒரு வறட்சி. மோசம்னு சொல்ல மாட்டேன், ஆனா அது வேற விஸ்கி. ஊர்ல இருக்குறவங்க வீட்டு ஆர்.ஓ. தண்ணியே இதுக்கு அருமையா போதும். ஐஸ்கட்டிய மறந்துடாதீங்க, குழாய்த் தண்ணில போட்ட ஐஸும் குழாய்த் தண்ணி தான், உருக உருக கிளாஸ்ல எறங்கும்.

இப்ப டூர் பத்தி மிச்ச விஷயம். வீக்கெண்டுன்னா ஆன்லைன்ல முன்கூட்டியே புக் பண்ணிடுங்க, நாங்க சனிக்கெழம போனோம், நேர்ல டிக்கெட் கேட்டவங்க ரெண்டு மணி நேரம் காத்துட்டு இருந்தாங்க. டேஸ்டிங் உள்ள டூருக்கு 21 வயசு ஆகணும், ஐடி பாப்பாங்க, இந்தியாலருந்து வர்றவங்க பாஸ்போர்ட் எடுத்துட்டுப் போங்க. பசங்க இருந்தா டேஸ்டிங் இல்லாத டூர் தனியா இருக்கு, குகை, கரி, ஸ்டில் எல்லாம் அதுலயும் பாக்கலாம். நல்ல ஷூ போடுங்க, படிக்கட்டு நெறைய. திரும்பி வர்றப்ப வண்டி ஓட்ட ஒரு ஆளு குடிக்காம இருக்கணும், எங்களுக்கு என் வீட்டம்மா இருந்தாங்க. சாப்பாட்டுக்கு மிஸ் மேரி போபோஸ்னு பழைய போர்டிங் வீடு இருக்கு, பெரிய மேஜைல எல்லாரும் ஒண்ணா உக்காந்து பந்தி மாதிரி கிண்ணம் கை மாத்தி சாப்பிடறது, அதுக்கும் முன்கூட்டியே புக் பண்ணணும், நாங்க பண்ணல, டவுன் ஸ்கொயர்ல சேண்ட்விச் தான் கெடைச்சுது. கைடு கிட்ட கேள்வி கேளுங்க, கேட்டா சந்தோஷமா சொல்றாங்க. என் கணக்குல அஞ்சுக்கு நாலரை, அர மார்க் கொறச்சது அந்தப் பாட்டில் தண்ணிய பத்தி இன்னும் வெளக்கமா பேசலாம்ங்கறதுக்கு மட்டும்.

சித்திரைல அம்மா வருது. டேஸ்டிங் இல்லாத டூருக்கு ரெண்டு டிக்கெட் இப்பவே போட்டு வச்சுட்டேன். போன்ல சொன்னப்ப "சாராயம் காய்ச்சுற எடத்துக்கு என்னய எதுக்குடா கூட்டிட்டுப் போற"ன்னு திட்டுச்சு. நம்ம பக்கெட்ல ராத்திரி படியுமே செம்மண்ணு, அது ஒரு மலைக்குள்ள படியுற எடம்மா அதுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "தண்ணிய கையில எடுத்துப் பாக்க விடுவாங்களா"ன்னு கேட்டுச்சு.